தசரதன் வளர்த்த பாசி

தசரதன் வீட்டில் பாசி வளர்க்கிறார் என்று தெரிந்ததும் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? மாடு வளர்ப்பார்கள், கோழி வளர்ப்பார்கள், பொழுது போகாதவன் வண்ண மீன் வளர்ப்பான். பாசியை எவனாவது வளர்ப்பானா? அது கூப்பிடாமலே வந்து குழாயடியில் உட்கார்ந்துகொள்கிற சனியன். தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு கை ப்ளீச்சிங் பவுடரைத் தூவி ஒழிக்க வேண்டிய சாமான். அதைப் போய் ஒரு மனிதர், அதுவும் கார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர், நிழல் வலை கட்டி, காலையும் மாலையும் பச்சைக் குழந்தைக்குத் தெளிப்பதுபோலத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால் ஜப்பான் தோட்டம் என்றார். அடி அண்ணாமலையில் ஜப்பான்!

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அந்த வீட்டில் சாயங்காலம் நடந்ததைப் பார்த்திருந்தால் ஒருத்தரும் பல்லைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

வெயில் தாழ்ந்ததும் அவர் மனைவி திரௌபதி கிளம்பிவிடுவாள். (ஆமாம், தசரதனுக்குத் திரௌபதி. ராமாயணத்துக்கும் பாரதத்துக்கும் எப்படிப்பா முடிச்சுப் போட்டீங்க என்று கல்யாணப் பந்தலிலேயே கேலி செய்து முடித்துவிட்டார்கள்.) ஒரு துணிப்பையில் துண்டு, சீப்பு, ஒற்றைச் செருப்பு, அடுப்படிக் கரண்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் திணித்துக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பாள்.

"ஊட்டுக்குப் போவணும். கேட்டத் தொறங்க."

"இதாம்மா உன் ஊடு."

"இது உங்க ஊடுண்ணே. எங்க ஊட்டுல என்னத் தேடுவாங்க."

அண்ணே! கட்டின புருஷனைப் பார்த்து அண்ணே! அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த ஒரு சொல்லில் தசரதன் தினம் ஒருமுறை செத்தார். பிறகு எழுந்து, அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டி, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, மறுநாள் சாவதற்குத் தயாரானார்.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார். இந்த மறதி வந்த வழியே திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இருக்கிறது எது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆடிப் பௌர்ணமிக் கூட்டத்தில் கேட்டைத் திறந்துகொண்டு அவள் போய்விட்டாள். கிரிவலப் பாதையில் ஜனவெள்ளம். 'திரௌபதி, திரௌபதி' என்று கத்திக்கொண்டே தசரதன் அந்த வெள்ளத்துக்கு எதிராக ஓடினார். குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு இளநீர்க் கடை வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் பயந்து கடைக்காரன் பின்னால் ஒளிந்தாள்.

அந்தச் செய்தி கேட்டுத்தான் பெங்களூரிலிருந்து மகள் கவிநிலா போனில் அழுதாள். அழுது முடித்துச் சொன்னாள்: "கார்த்திகை தீபம் முடிஞ்ச மறுநாள் கார் எடுத்துக்கினு வரேன்ப்பா. இங்க நல்ல ஹோம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். அம்மா அங்க இருக்கட்டும்."

"நான் பாத்துக்கிறேனேம்மா."

"நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியலையேப்பா. யாரு பாத்துக்கினா இன்னா அவங்களுக்கு?"

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அது வேற. தெரியலையே." கவிநிலா மூக்கை உறிஞ்சினாள். "கோச்சிக்காதீங்கப்பா."

கோபம் எங்கே வந்தது, பயம்தான் வந்தது. தீபத்துக்குள் இவளுக்கு நம்மைத் தெரிந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்கு இந்த உலகத்தில் எந்த ஆசையும் இல்லை.

வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாளே, அந்த வீட்டுக்கே கூட்டிப்போனால் என்ன? ஆட்டோ பிடித்துக் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனார். அண்ணன் மகன் காபி கொடுத்தான். அவள் கூடத்தையும் கொல்லையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நேரமாவுது, ஊட்டுக்குப் போவலாம்" என்றாள். அவர்கள் குடித்தனம் தொடங்கிய சென்னை வாடகை வீட்டு வாசலிலும் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார். அதே பாட்டு. மிச்சம் இருந்தது ஒரு வீடு. அது கடலுக்கு அப்பால் ஜப்பானில் இருந்தது.

கம்பெனி அனுப்பிப் பதினோரு வருஷம் அங்கே இருந்தார்கள். கவிநிலா நடை பழகியதே அங்கேதான். வீட்டுக்கு அடுத்து ஒரு பழைய கோயில், கோயிலைச் சுற்றித் தோட்டம். தோட்டம் என்றால் பூ கிடையாது, காய் கிடையாது. பாறை, சரளை, ஒரு கல்விளக்கு, மீதியெல்லாம் பாசி. தரை தெரியாமல் பாசி. ஞாயிறுதோறும் மூவரும் போவார்கள். தசரதன் பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு தின்பார். திரௌபதி பாதை ஓரமாகக் குந்தி, இரண்டு கையையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு, அந்தப் பாசியையே வெறித்துப் பார்ப்பாள். கண் இமைக்காது. கூப்பிட்டாலும் காதில் விழாது. இவளுக்கு இதன் மேல் இவ்வளவு ஆசையா என்று அவர் நினைத்துக்கொள்வார். கேட்டதில்லை. பெண்டாட்டியிடம் அதையெல்லாம் கேட்கிற வழக்கம் நம் ஆட்களுக்கு ஏது?

அதுதான் வீடு என்று அவருக்குப் பட்டுவிட்டது. பட்டதும் பைத்தியம் பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். ஜப்பானுக்கு இவளைக் கூட்டிப்போக முடியாது, விமானத்தில் உட்கார மாட்டாள். சரி, ஜப்பானை இங்கே கொண்டுவந்துவிட்டால் போச்சு.

பாறையும் சரளையும் வந்து இறங்கின. செங்கத்திலிருந்து ஒரு கல்விளக்கு வந்தது. பாசிதான் வரவில்லை.

முதலில் ஆன்லைனில் வாங்கினார். பச்சைப் பசேலென்று வந்தது. தண்ணீர் தெளித்ததும் சாயம் ஓடி, துவைத்த ரவிக்கை மாதிரி வெளுத்துப்போனது. அலங்காரத்துக்கு விற்கிற செத்த பாசி. பிறகு எவனோ ஒரு புண்ணியவான் வீடியோவில் சொன்னான் என்று, கொஞ்சம் பாசியை மோரில் அரைத்துப் பாறையில் பூசினார். பாசி வரவில்லை. எறும்பு வந்தது, ஈ வந்தது, தெருவில் இருந்த பூனையெல்லாம் வந்து நக்கிவிட்டுப் போனது. மூன்றாவதாகப் போர்வெல் தண்ணீரை விட்டு விட்டு ஊற வைத்ததில், சரளை மேல் ஒரு நாள் பச்சையாகப் படர்ந்திருந்தது. தசரதன் கும்பிட்டே விட்டார்.

அடுத்த தெரு அன்புச்செல்வி அப்போதுதான் வந்தாள். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். தெருவில் சிரிக்காத ஒரே ஆள். கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"சார், இது வழுவழுன்னு இருக்குது பாருங்க. இலை இல்ல, தண்டு இல்ல, வெறும் சவ்வு. இது தண்ணிப் பாசி. குளத்துல இருக்குமே, அது. வெயில் பட்டா பொடியா உதிர்ந்துடும்."

"அப்ப நான் தேடறது?"

"வாங்க." வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப்போனாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சுவரோரம் உட்கார்ந்தாள். "இதோ தட்டையா, நறுக்கிப் போட்ட வெத்தல மாதிரி மண்ணோட ஒட்டிக்கினு இருக்குது பாருங்க, இது வேற சாதி. இதுவும் வேணாம். அதோ அந்தச் செங்கல் இடுக்குல குட்டித் தலகாணி மாதிரி உப்பிக்கினு இருக்குது பாருங்க. லென்ஸ் வெச்சுப் பாருங்க."

பார்த்தார். ஒரு காடே தெரிந்தது. ஒவ்வொரு இழையிலும் சுற்றிச் சுற்றிப் பொடி இலைகள். நடுவில் முடி போன்ற காம்பு, காம்பின் நுனியில் ஒரு மொட்டு. ஜப்பான் கோயிலில் பார்த்ததன் தங்கச்சி மாதிரி இருந்தது.

"இதான் சார் நெஜப் பாசி. வெளியூர் பாசி இங்க தாங்காது. இந்த ஊரு வெயில்ல பொறந்து வளந்ததத்தான் எடுத்து வெக்கணும். வேர் கிடையாது, மண்ணக் கெட்டிப்படுத்தி, அழுத்தி ஒட்டணும், அவ்ளோதான். இன்னொண்ணு, போர் தண்ணி ஊத்தாதீங்க. இங்க உப்பு ஜாஸ்தி. மழைத்தண்ணி மட்டும்."

அதற்குப் பிறகு தசரதன் பாசி பொறுக்கப் புறப்பட்டார். காடு, மலைப் பக்கம் போனால் வனத்துறைக்காரன் பிடிப்பான். ஊருக்குள்ளேதான் தேடினார். ஏசி தண்ணீர் சொட்டுகிற லாட்ஜ் சுவர், கிரிவலப் பாதைச் சிறுபாலத்தின் அடி, இடிந்த மதில். தோசைத் திருப்பியால் மெல்ல நெம்பி எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்வார். ஒரு சாமியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா மூலிக சாமி, சர்க்கரைக்கா?" என்று கேட்டார். "பொண்டாட்டிக்கு" என்றார் தசரதன். சாமியார் விபூதி கொடுத்தார்.

ஒட்டினார். உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். கல்யாணமான புதிதில் ஒடிந்து கோணலாகச் சேர்ந்த இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய்க்கடியில் டிரம் வைத்து, ஆவணி மழையில் பிடித்ததை மூடி போட்டுக் காவல் காத்தார். தவிட்டுக்குருவிகள் புழு தேடிக் கொத்திக் கிளறிப் போட்டால் மறுபடி ஒட்டினார். திரௌபதி கேட்டருகே நின்று, "அண்ணே, நேரமாவுது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

புரட்டாசி வெயில் வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அப்படி. ஒட்டினதெல்லாம் பழுப்பாகி, சுருண்டு, தொட்டால் மொறமொறவென்றது. தசரதன் அன்புச்செல்வி வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் வந்து ஒரு சிட்டிகையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸைக் கொடுத்தாள். சுருண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாகக் கையை விரிப்பதுபோல விரிந்தன. பழுப்புக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

"சாவல சார். மூடிக்கினு இருக்குது. தண்ணி கம்மியானா அப்படித்தான். மழை வந்தா தொறந்துக்கும்."

தசரதன் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். அப்படியே அதைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டியோடு முடிச்சுப் போட்டுவிட்டார். இவளும் சாகவில்லை, மூடிக்கொண்டிருக்கிறாள். போகப் போகிற உயிர் எந்தக் கொம்பையும் பிடித்துக்கொள்ளும், பாவம், பாசியைப் பிடித்துக்கொண்டது.

ஐப்பசியில் அடைமழை. அன்புச்செல்வி சொன்னது பலித்தது. விட்டு விட்டுக் கிடந்த திட்டுகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. பாறை இடுக்கு, சரளை ஓரம், கல்விளக்கின் அடி எல்லாம் பச்சை. விளக்குக்குப் பின்னால் நிழலில், அவர் முதன்முதலில் ஒட்டிய திட்டு, கை வைத்தால் புதைகிற அளவுக்குத் தடித்திருந்தது. சிரித்த தெருக்காரர்களே மதில் மேல் எட்டிப் பார்த்து, அடடா, பரவாயில்லையே என்றார்கள்.

தீபத்துக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு சாயங்காலம் திரௌபதி பையோடு கிளம்பியபோது தசரதன் கேட்டருகே போகாமல் அவள் கையைப் பிடித்தார். "வாம்மா, ஊட்டுக்குத்தான் போறோம்" என்று சொல்லித் தோட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாரு. தெரியுதா? நம்ம கோயில். நாயித்துக்கிழமையில நீ உக்காருவியே."

அவள் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள், பாசியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். தெருநாய் ஒன்று குறுக்கே போனது, அதையும் அப்படியேதான் பார்த்தாள்.

"ஊட்டுக்குப் போவணும்ணே."

"இதான் ஊடு! நல்லாப் பாரு திரௌபதி!" அவள் கையை இழுத்துப் பாசி மேல் வைத்து அழுத்தினார். "தொட்டுப் பாரு! இதுக்குத்தானே நாலு மாசமா..." சில்லென்ற ஈரம் பட்டதும் அவள் வீல் என்று கத்திக் கையை உதறினாள். "உடுங்க! யாராவது வாங்களேன்! யாரோ ஆளு கையப் புடிச்சு இழுக்கறான்!"

தெரு கூடிவிட்டது. இவர்தான் புருஷன் என்று தெருக்காரர்கள் அவளுக்குச் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. தசரதன் சரளையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, வெட்கம் மானம் இல்லாமல், எல்லாரும் பார்க்கக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்புச்செல்விதான் திரௌபதியை உள்ளே அழைத்துப் போனாள்.

அவரே மகளுக்குப் போன் செய்தார். "வந்து அழைச்சிக்கினு போம்மா" என்றார். "என்னால முடியல." அவ்வளவுதான் பேசினார்.

தீபம் முடிந்தது. லட்சம் லட்சமாக வந்த ஜனம் வடிந்துபோன மறுநாள் காலை, துப்புரவுப் பணியாளர்கள் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டி வாரி, இரண்டு ஓரத்திலும் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டிக்கொண்டு போனார்கள். வாடை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தது. தசரதன் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, திரௌபதியின் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் வைத்தார், பெங்களூர் குளிரும். மாத்திரைகளைத் தனியாகக் கட்டினார். எந்தப் புடவை அவளுக்குப் பிடிக்கும் என்று யோசித்தார், தெரியவில்லை. அதையும் கேட்டதில்லை.

சரக், சரக், சரக் என்று வெளியே சத்தம் கேட்டது.

முதலில் தெருவில் என்று நினைத்தார். பிறகு தூக்கிவாரிப் போட்டது. பெட்டியைத் தாண்டி ஓடினார்.

திரௌபதி புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்துக்கு நடுவில் குந்தியிருந்தாள். கையில் தேங்காய் நார். பக்கத்தில் குழாயடி ப்ளீச்சிங் பவுடர் டப்பா திறந்து கிடந்தது. பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பச்சையாக இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடியும் கறுப்புச் சேறுமாகக் கிடந்தது. ஒட்டி, காத்து, கும்பிட்டு வளர்த்தது அத்தனையும் சுரண்டி ஓரமாகக் குவித்திருந்தாள்.

"அய்யய்யோ! இன்னாடி பண்ற!" தசரதன் அலறிக்கொண்டு கல்லின் மேல் காலை வைக்கப் போனார்.

"ஏங்க! கால வெக்காதீங்க!"

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"அங்கயே நில்லுங்க சொல்றேன்! கண்ணு இல்ல உங்களுக்கு? எடம் பூரா பாசி. தொவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி உழுந்து கைய ஒடிச்சிக்கினீங்களே, அது பத்தாதா? இப்ப காலும் ஒடியணுமா? ஒடிச்சிக்கினு படுத்தா யாரு பாக்கறது? நான்தான் பாக்கணும்!"

தசரதன் கல்விளக்கைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் விழுந்திருப்பார். மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

"உனுக்குப் புடிக்குமேன்னுதான் திரௌபதி... ஜப்பான்ல, அந்தக் கோயில்ல..."

"எனக்கா? புடிக்குமா?" அவள் நாரைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "வாராவாரம் கொண்டுபோய் உக்கார வெப்பீங்களே! பதினோரு வருஷம் கையக் கட்டிக்கினு பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருந்தேன், அடுத்தவன் எடமாச்சேன்னு. ஒரு கை பவுடரு மட்டும் கெடைச்சிருந்தா ஒரே நாளுல பளிச்சுனு ஆக்கியிருப்பேன். கவி ஓடியாடற எடம் வேற."

வாசலில் கார் வந்து நின்றது. கவிநிலா கேட்டைத் திறந்துகொண்டு வந்தவள், அம்மாவையும் அப்பாவையும் பார்த்து அங்கேயே நின்றாள்.

"வந்துட்டியா கவி? செருப்ப அங்கயே உடு. ஓரமா சுத்திக்கினு வா, வழுக்கும்."

கவிநிலா வாயைத் திறந்தாள். தசரதன் பேசாதே என்று அவளுக்குக் கை காட்டினார்.

திரௌபதி மறுபடி குந்திக்கொண்டு தேய்த்தாள். சரக், சரக். திட்டிக்கொண்டே தேய்த்தாள். ஏங்க என்றாள், உங்களுக்கு என்றாள், ஒரு தடவை 'புத்தி கெட்ட மனுஷன்' என்றும் சொன்னாள். தசரதனுக்கு அமிர்தமாக இருந்தது. ஆனால் அவர் கண் பாறைகளையே அளந்துகொண்டிருந்தது. முன்பக்கம் முடிந்துவிட்டது. சரளை ஓரமும் முடியப் போகிறது. கை ஓய்ந்து, புடவையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் அப்புறம் யாரைப் பார்ப்பாளோ. அண்ணே என்பாளோ.

நார் மெதுவானது. அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"திரௌபதி, இங்க பாரு. இந்த வெளக்குக்குப் பின்னால இன்னும் நெறைய இருக்குது" என்றார் தசரதன்.

"அதயும் உட்டு வெச்சிருக்கீங்களா? நல்லா இருக்குது உங்க சுத்தம்! தண்ணி மொண்டாங்க."

அவர் ஓடிப்போய் டிரம்மின் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, காவல் காத்து வைத்திருந்த மழைத்தண்ணீரை வாளி நிறைய மொண்டுகொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார்.